உள்ளே ஒரு சூடு, வெளியே ஒரு சூடு

குஞ்சு பொரிக்கும் பெட்டியில் சூடு ஏறவில்லை. முட்டை விறைத்துப் போயிற்று.

பெட்டியை ஓட்டுவது பைதான் மொழியில் எழுதிய ஒரு கணினி நிரல். அதில் ‘சூடு’ என்றொரு எண் முப்பது டிகிரியிலேயே உட்கார்ந்திருந்தது. ஹீட்டர் அதன் பேச்சைத்தான் கேட்கும். அதை ஏற்றிவிடத்தான் நிரலுக்குள் ஃபங்ஷன் என்றொரு சின்னப் பகுதி.

“ஐயா, ஏத்தியாச்சா?” என்று கத்தியது முட்டை.

“ஏத்தியாச்சு. ‘இது சூட்டை ஏற்றும்’னு எழுதியே இருக்கே!” என்றது ஃபங்ஷனின் தலைமேல் இருந்த விளக்கக் குறிப்பு.

“உள்ளே எட்டிப் பாத்தீங்களா?”

“பாக்கிறது என் வேலையில்லை.”

நடப்பதை அப்படியே சொல்லும் லாக் வரி பக்கத்தில் கிடந்தது. தொணதொணக்கிறதென்று, வரியை ஓடவிடாத ஹாஷ் (#) குறியை முன்னால் நிறுத்தி அதன் வாயை அடைத்திருந்தார்கள்.

“அண்ணே, உயிர் போகுது, கொஞ்சம் நகருங்க” என்று முட்டை கெஞ்சியது. ஹாஷ் நகர்ந்தது.

லாக் கொட்டித் தீர்த்தது: “ஃபங்ஷனுக்கு உள்ளே அதே பேர்ல இன்னொரு சூடு பிறக்குது. முப்பத்தேழுக்கு ஏறுது. வேலை முடிஞ்சதும் செத்துப்போகுது. வெளியே இருக்கிறவர் அசையவே இல்லை!”

“என்னை யார் கூப்பிட்டா?” என்றது வெளிச் சூடு.

ஃபங்ஷன் அசடு வழிந்தது. உள்ளே புதிதாய் ஒன்றைப் பெறுவதை விட்டு, வெளியே இருந்ததையே அழைத்து ஏற்றியது. குஞ்சு பொரிந்தது.

“நான் அன்னைக்கே சொன்னேனே!” என்றது குறிப்பு. அதில் ஓர் எழுத்தும் மாறவில்லை.

குஞ்சு அதைத் தாண்டிப் போய்க் கும்பிட்டது, மறுபடி வாயடைக்கப்பட்டுக் கிடந்த லாக்கை.