தேவையில்லாத பள்ளம்

மாரிபோர் நகரத்துப் பழுதுபார்ப்புக் கூடத்துக்கு ஸ்டான்கா சலவை இயந்திரத்தின் கதவை மட்டும் போர்வையில் சுற்றிக் கொண்டுவந்திருந்தாள். கைப்பிடி உடைந்திருந்தது.

“கம்பெனிக்காரன் புது மெஷின் வாங்கச் சொல்லியிருப்பானே?” என்றான் கூடத்தில் பழுதுபார்க்கும் ததேய்.

“சொன்னான். அதான் இங்க வந்தேன்.”

“நல்ல வேலை செஞ்சீங்க. இந்தக் கைப்பிடியோட வரைபடம் இணையத்துல பொதுவுல கிடக்கு. முப்பரிமாண அச்சுப்பொறியில போட்டா பிளாஸ்டிக்ல கைப்பிடியே வந்துடும். யார் வேணாலும் எடுக்கலாம், திருத்தலாம். திருத்தினதையும் பொதுவுல வெச்சிடணும், அவ்வளவுதான். ஒரே ஒரு தப்பு, அடியில தேவையில்லாம ஒரு பள்ளம். ஆறு வருஷமா இருநூறு பேர் அப்படியே அச்சடிச்சிருக்காங்க, ஒருத்தரும் ஏன்னு கேக்கல! இன்னிக்குத்தான் நான் அந்தப் பள்ளத்த அழிச்சேன்.”

“பள்ளம் இருக்கட்டுமே.”

“வரைஞ்ச ஆள் தூக்கக் கலக்கத்துல போட்டதும்மா அது.”

ஸ்டான்கா போர்வையைப் பிரித்துக் கதவை மேசையில் வைத்தாள்.

அச்சாகி வந்த புதுக் கைப்பிடியைக் கதவில் வைத்து அழுத்தினான் ததேய். அது உட்காரவில்லை.

“உங்க கதவுதான் கோணல்.”

அவள் அவன் விரலைப் பிடித்துக் கதவின் உட்புறம் வைத்தாள். இறுகிப்போன பசைத் துளி ஒன்று தட்டுப்பட்டது.

“கதவு விரிசல் விட்டப்போ என் வீட்டுக்காரர் ஒட்டினது. அதுக்கு இடம் விட்டுத்தான் கைப்பிடிய வரைஞ்சார்.”

ததேய் திரையில் வரைந்தவர் பெயரைப் பார்த்தான். “போயான்... உங்க வீட்டுக்காரரா?”

“ஆமா. அவர் போய் மார்ச்சோட ரெண்டு வருஷம்.”

அழித்த பள்ளத்தைத் திரும்பக் கொண்டுவர அவன் கை விசைப்பலகைக்குப் போனது.

“வேண்டாம், உங்க திருத்தம் சரிதான். அதுக்குத்தானே அவர் பொதுவுல வெச்சார்? எனக்கு மட்டும் பழையதுல ஒண்ணு அடிச்சுக் குடுங்க” என்ற ஸ்டான்கா சிரித்துவிட்டாள். “எங்க வீட்டுப் பசைத் துளிக்கு இருநூறு வீட்டுல இடம் விட்டிருக்காங்க, பாருங்க!”