இன்ஜினைக் கேட்காமல் வாங்கிய புரொபெல்லர்

இதை நான் நேரில் கேட்கவில்லை. விமானக் கொட்டகையில் வேலை பார்த்த நண்பன் சொன்னது.

சொந்தமாகக் குட்டி விமானம் கட்டிய சகாயராஜ், அதன் மூக்கிலிருந்த மரப் புரொபெல்லரைக் கழற்றி வைத்துவிட்டு, புதிதாக ஓர் உலோகப் புரொபெல்லரை வாங்கி வந்தார். அது பறக்கும்போதே தன் பிளேடுகளைத் திருப்பி, இன்ஜினை ஒரே வேகத்தில் ஓடவைக்குமாம்.

"பெரியவரே, இனி நீங்க சுவத்துல தொங்க வேண்டியதுதான்," என்றது புதுசு. "ஏறும்போது ஒரு கோணம், போகும்போது ஒரு கோணம்னு நான் மாத்திக்குவேன். உங்களால முடியுமா?"

"முடியாது தம்பி," என்றது மரம். "இன்ஜின் அண்ணன்கிட்ட கேட்டாங்களா?"

"அவரை எதுக்குக் கேக்கணும்? பெயின்ட் வரைக்கும் பொருத்தம் பார்த்துத்தான் எடுத்தாங்க!"

இன்ஜின் கனைத்தது. "உன் பிளேடைத் திருப்புற எண்ணெய் எந்த வழியா வரும்?"

"என்னைச் சுத்துற உங்க தண்டுக்குள்ள இருக்கிற துளை வழியாத்தான், அண்ணே."

"என் தண்டுல துளையே கிடையாதே."

புதுசு பதறியது. "முன்னாடியே சொல்லக் கூடாதா?"

"உன்னை வாங்குறதைப் பத்தி ஆறு மாசமா பேசுனாங்க. ஒருத்தரும் என் பக்கம் திரும்பலையே."

மறுநாள் மரம் மறுபடி மூக்கில் ஏறியது.

எனக்குச் சந்தேகம் தீரவில்லை. நண்பனிடம் அந்த இன்ஜினின் கையேட்டை வாங்கிப் பார்த்தேன். தண்டில் துளை இல்லை என்று முதல் பக்கத்திலேயே போட்டிருக்கிறது.