வாசலில் நின்ற நீலச் சட்டை

ஞாயிறு ஆராதனை முடிந்து, மீன்குழம்பும் சோறும் தின்றுவிட்டு, சத்தியபாயும் மகள் ரெனிஷாவும் டிவி முன்னால் உட்கார்ந்தார்கள். செத்தவர்கள் எழுந்து நடக்கும் தொடர் அது. வாரக்கணக்காக நீலச் சட்டை போட்ட ஒரு பிணம் ஒரே வீட்டு வாசலில் நிற்கிறது. உள்ளே இருப்பவர்களோ சொத்துச் சண்டை பேசிக்கொண்டே இருக்கிறார்கள்.

"இன்னிக்காவது கடிக்குமாட்டி?"

"இன்னிக்கும் பேச்சுதாம்மா."

சத்தியபாய்க்குப் பொறுக்கவில்லை. அவள் வீட்டு வாசலில் யார் வந்து நின்றாலும் உள்ளே அழைத்து, கட்டன்சாயா கொடுத்துவிட்டுத்தான் மறுபேச்சு.

"ஏலே, எவ்வளவு நேரம் வாசல்ல நிப்ப? இஞ்ச கேறி வாலே!" என்று கத்தினாள்.

பிணம் திரும்பி அவளைப் பார்த்தது. பிறகு படியிறங்கி, திரையின் ஓரத்தைத் தாண்டி நடந்து போனது.

"அம்மா, கதை நகருது!" ரெனிஷா சோபாவில் துள்ளினாள். இருவரும் கைதட்டினார்கள். திரையில் அந்த வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்துவிட்டு, நிம்மதியாகத் தாழ்ப்பாள் போட்டார்கள்.

விளம்பரம் ஓடும்போது வெளியே கேட் கிறீச்சிட்டது. ரெனிஷா ஜன்னலுக்கு ஓடினாள்.

"ஆருட்டி?"

"நீலச் சட்டைம்மா. ரொம்ப மெதுவாத்தான் வருது. கதவ அடைக்கட்டா?"

சத்தியபாய் வாய்க்கு வந்த ஜெபத்தை முணுமுணுத்துக்கொண்டு எழுந்தாள்.

"கூப்பிட்டுட்டு எப்பிடிட்டி கதவ அடைக்கது?"

அடுப்பைப் பற்றவைத்து, மூன்று பேருக்குத் தண்ணீர் வைத்தாள்.