இரண்டு இருமல்

மருந்துக்கடை முதலாளி தனக்கென்று ஒரு சட்டம் வைத்திருந்தார். டாக்டர் சீட்டு இல்லாமல் இருமல் மருந்து கேட்டு வரும் பள்ளிக்கூடப் பயல்கள், கல்லாவுக்கு முன்னால் நின்று இரண்டு தடவை இருமிக் காட்ட வேண்டும். போதைக்குத்தான் குடிக்கிறார்கள் என்று அவருக்குத் தெரியாதா என்ன? ஆனாலும் இருமல் காதில் விழுந்துவிட்டால், அவருடைய மனசாட்சி குறட்டை விட்டுத் தூங்கிவிடும்.

"லொக், லொக்!" கூரை பிய்த்துக்கொண்டு போகும்படி இருமினான் ஒருவன்.

"த்தூ, இதெல்லாம் ஒரு இருமலாடா? உங்களை எல்லாம் பெத்தவன் கண்ணை எங்க அடகு வச்சிருக்கான்?" பாட்டிலை நீட்டினார் முதலாளி.

"ஃப்ரெண்டுக்கு இன்னொண்ணு, அங்கிள்."

"ஏன், அந்தத் துரைக்குக் கால் இல்லையா?"

"இங்க வர பயப்படுறான்."

"நான் என்ன புலியையா கட்டி வச்சிருக்கேன்? வந்து இருமச் சொல்லு. இருமினா எவனா இருந்தாலும் குடுப்பேன்!"

பயல் வெளியே ஓடி, தூணுக்குப் பின்னால் நின்றவனை இழுத்து வந்தான்.

முதலாளியின் ஒரே மகன் கல்லாவுக்கு முன்னால் வந்து நின்றான்.

"லொக், லொக்... போதுமாப்பா?"