கடைசி வண்டிக்குப் போட்டி

"இன்னா அண்ணாச்சி, ஒரு மாசமா தண்ணியில வுழுந்துகினே கீறீங்களே. வேற கேமு போடட்டா?" என்று கேட்டான் வீடியோ கேம் கடைக் கோதண்டம்.

வேண்டாமென்று தலையாட்டிவிட்டு அய்யாத்துரை மறுபடியும் பொத்தானை அழுத்தினார். டிவியில் வாட்டர் ஸ்கூட்டர் அலைமேல் ஏறிப் பறந்தது, ஒரு குட்டிக்கரணம் போட்டது, தலைகுப்புறக் கவிழ்ந்தது. அவருக்குப் பரம திருப்தி. விழுவது சுலபம், வேண்டுமென்றே விழுந்தது தெரியாமல் விழ வேண்டுமே, அதற்குத்தான் இத்தனை பாடு.

ராயபுரம் மளிகை வியாபாரிகள் சிலர் வருடத்துக்கு ஒரு நாள் கடையை மூடிவிட்டு, பைக்கில் பொன்னேரிப் பக்கம் ஒரு மாந்தோப்புக்குப் போவார்கள். யார் வண்டி முன்னால், யார் வண்டி பின்னால் என்று ஒவ்வொரு தடவையும் மனஸ்தாபம். அதனால் இந்த முறை கோதண்டம் கடை விளையாட்டில் எடுக்கும் மார்க்குப்படிதான் வரிசை என்று முடிவாகியிருந்தது. ஜெயித்தவர் முன்கூட்டியே கிளம்பிப் போய்ச் சமையலைக் கவனிக்க வேண்டும். தோற்றவர் எல்லாருடைய புழுதியையும் தின்றுகொண்டு கடைசியில் வர வேண்டும்.

அந்தக் கடைசி இடம்தான் அய்யாத்துரைக்கு வேண்டும். கடைசி வண்டி எங்கே ஒதுங்கினாலும் யாரும் திரும்பிப் பார்க்கப் போவதில்லை. வழியில்தான் மகள் மகிமாவின் வீடு. பெரியப்பா பார்த்த மாப்பிள்ளையை வேண்டாமென்று சொல்லி, அந்த ஊர் வாத்தியாரைக் கட்டிக்கொண்டு போனவள். இப்போது கைக்குழந்தைக்காரி. பேரன் முகத்தை இவர் இன்னும் பார்க்கவில்லை.

பார்க்க விட்டால்தானே. "அவ வாசப்படிய மிதிச்சேன்னா நான் உனக்கு அண்ணன் இல்ல" என்று ஞானதுரை சொன்னது சொன்னதுதான். அண்ணன் தம்பி இருவருக்கும் ஒரே வீடு, ஒரே கடை. அவர் கண்ணில் மண்ணைத் தூவிவிட்டு எங்கும் போய்வர முடியாது.

அந்த அண்ணனும் ஒரு மாதமாக மத்தியான வேளைகளில் கோதண்டம் கடையே கதியென்று கிடந்தார். அவருக்கு முதலிடம் வேண்டும். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு விளையாடினார். எதிலும் முன்னால் நிற்காவிட்டால் இந்த மனுஷனுக்குச் சோறு இறங்காது என்று அய்யாத்துரை உள்ளுக்குள் கறுவிக்கொண்டார்.

போட்டியன்று ஞானதுரை ஒரு கரணம்கூடத் தப்பவில்லை. அய்யாத்துரை வெகு இயல்பாக, முகத்தில் அத்தனை வருத்தத்தோடு, ஒவ்வொரு சுற்றிலும் கவிழ்ந்தார். மற்றவர்கள் ஆறுதல் சொன்னார்கள். அண்ணன் மட்டும், புழுதிக்கு மூக்கில் துண்டைக் கட்டிக்கொள்ளச் சொல்லிச் சிரித்தார்.

கிளம்பும் நாளில் விடியும்போதே அண்ணன் வண்டி பறந்துவிட்டது. வெயில் ஏறிய பிறகு மற்றவர்கள் புறப்பட, அய்யாத்துரை பின்னால் மெல்ல உருட்டினார். மீஞ்சூர் தாண்டியதும் முன்வண்டிகளைப் போகவிட்டு, வயல்களுக்கு நடுவே மண்பாதையில் திரும்பினார். அண்ணனுக்குத் தெரிந்தால் தெரியட்டும். இன்று பேரனைத் தூக்காமல் திரும்புவதில்லை.

மகள் வீட்டு வேலிப்படலைத் தள்ளியவர் அப்படியே நின்றுவிட்டார். முற்றத்து வேப்பமரத்தடியில் நின்றது அண்ணனின் வண்டி.

உள்ளே, பேரனை மடியில் போட்டுக்கொண்டு சம்மணமிட்டிருந்த ஞானதுரை தலையை நிமிர்த்தினார். "சமையலச் சமையக்காரன் பாத்துக்கிடுவான். சத்தங்காட்டாம வாலே. இப்பத்தான் கண்ணசந்திருக்கான்."