நாற்பத்தேழாம் அடிக்குறிப்பு

பவளக்கொடியின் ஆய்வேட்டின் முதல் இயலை நெறியாளர் தணிகாசலம் தன் பெயரில் அச்சிட்டுக்கொண்ட பிறகு, அவள் இரண்டாம் இயலில், எங்குமே இல்லாத கட்டுரை ஒன்றை நாற்பத்தேழாம் அடிக்குறிப்பாக வைத்துக் கொடுத்தாள். எழுதியவர் சி. அஞ்சலை. மறுவருடம் தணிகாசலத்தின் புது நூலில் அதே குறிப்பு, அதே எண்ணில் இருந்தது. வெளியீட்டு விழாவில் அவள் எழுந்தாள்.

"சார், அஞ்சலை கட்டுரை எங்க கெடச்சுது?"

"அதுக்காக ரெண்டு வருசம் நூலகம் நூலகமா அலைஞ்சேம்மா. மூலத்தப் பாக்காம ஒரு வரி எழுதமாட்டேன்."

அரங்கம் கைதட்டியது. கைதட்டல் ஓயும்வரை பவளக்கொடி காத்திருந்தாள்.

"இவங்கதான் சார் சி. அஞ்சலை. எங்கம்மா."

பக்கத்து நாற்காலியிலிருந்து எழுந்த அம்மா, ஸ்டாம்ப் பேடைத் திறந்து கட்டைவிரலில் மையைத் தேய்த்தபடி மேடையேறினாள்.

"எதுங்கய்யா நான் எழுதுனது? காட்டுங்க, கைநாட்டு வெச்சுத் தரேன்."