இரண்டாவது துணுக்கு

குமரேசனின் இரைப்பையில் இருப்பது புற்றுநோய்தான் என்று போன வாரமே தெரிந்துவிட்டது. அங்கே கிருமியும் இருக்கிறதா என்று இன்றைக்குப் பார்க்கிறார்கள். குழாய்விட்டுக் கிள்ளியெடுத்த சதைத் துணுக்கை, அவன் மயக்கத்தில் கிடந்த கட்டிலருகே இருந்த மேசையில் வைத்து, ஒரு சின்ன அட்டையிலிருந்த மஞ்சள் ஜெல்லுக்குள் அழுத்தினாள் நர்ஸ்.

"கிருமி இருந்தா ரோஸ் கலராயிருங்க்கா."

அவன் மனைவி தெய்வானை ஜெல்லைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "உன்ற காரந்தான் எங்கண்ணன் வயித்தத் தின்னுருச்சு" என்று வீடு நிறைய ஆட்கள் இருக்கும்போது நாத்தனார் சொன்னாள். குமரேசன் மறுத்து ஒரு வார்த்தை பேசவில்லை.

ஜெல் மஞ்சளாகவே இருந்தது.

"இது கட்டியில எடுத்தது. அந்த எடத்துல கிருமி அவ்வளவா தங்காதும்மா" என்ற டாக்டர், கட்டிக்குத் தள்ளி எடுத்த இன்னொரு துணுக்கை வைக்கச் சொன்னார்.

இந்த முறை ஓரத்தில் ஒரு புள்ளி சிவந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே பரவி, ஜெல் முழுக்க ரோஸ் ஆனது.

"வருசக்கணக்கா உள்ளயே இருந்திருக்கு. இதுலதான் ஆரம்பிச்சிருக்கணும்."

"அப்ப, என்ற சமையல் இல்லீங்களா?"

"சமையலா? கிருமிதாம்மா."

தெய்வானை அந்த ஜெல் அட்டையை வாங்கி உள்ளங்கையில் வைத்துக்கொண்டாள். அவளையறியாமல் சிரிப்பு வந்துவிட்டது. மயக்கம் தெளிந்து கண் விழித்த குமரேசன் முதலில் பார்த்தது அந்த முகத்தைத்தான். அவனும் சிரித்தான்.

"என்ன புள்ள, எனக்கு ஒண்ணுமில்லையாமா?"